நீங்கள் கொடுத்த அரை டம்ளர் தண்ணீர் காரணமில்லை

உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். அவசர ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் போய் நிமோனியா ஆவது எப்படி, அதைத் தடுத்திருக்க முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்பாவுக்கு 68 வயது. குடல் அடைப்பு, இரண்டு நாளாக வாந்தி, ராத்திரியோடு ராத்திரியாக ஆபரேஷன். மயக்கம் கொடுத்த நேரத்தில் வயிற்று நீர் பச்சையாக மேலே வந்து நெஞ்சுக்குள் போய்விட்டது என்று டாக்டர் வெளியே வந்து சொன்னார். ஆறு நாள் வென்டிலேட்டர். நேற்றுதான் டியூபை எடுத்திருக்கிறார்கள், இன்னும் ஆக்சிஜன் ஓடுகிறது. தம்பி, டாக்டர் மேல்தான் தவறு என்கிறார். இத்தனைக்கும் நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "நாக்கு வறண்டு கெஞ்சினார் என்று ஆபரேஷனுக்கு மூன்று மணி நேரம் முன்னால் அரை டம்ளர் தண்ணீர் கொடுத்தேன், யாரிடமும் சொல்லவில்லை." நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அந்த வரியைத்தான் என்று நினைக்கிறேன். அதனால் அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

அந்தத் தண்ணீர் காரணமில்லை. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷமாக மயக்க மருந்து கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். அதில் பாதிக்கு மேல் ராத்திரி நேரத்து அவசர ஆபரேஷன்கள். குடல் அடைபட்ட ஒருவரின் வயிறு வாயால் குடித்ததால் நிரம்புவதில்லை, தானாகவே நிரம்பிக்கொண்டிருக்கிறது. நாம் ஒன்றுமே சாப்பிடாவிட்டாலும் எச்சில், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர், சிறுகுடல் நீர் என்று எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 7 முதல் 9 லிட்டர் வரை உணவுப் பாதைக்குள் சுரக்கிறது. சாதாரண நாளில் அத்தனையும் கீழே போய் உறிஞ்சப்பட்டுவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. கீழே வழி அடைபட்டால் அது பின்னோக்கித் தேங்கி இரைப்பைக்கே திரும்புகிறது. இப்படிப்பட்ட நோயாளிக்கு மூக்கு வழியாக இரைப்பைக்குள் போகும் ரைல்ஸ் டியூப் போட்டதும் ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் என்று பச்சை நீர் பையை நிரப்புவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அதில் உங்கள் அரை டம்ளர் நூறு மில்லி இருக்கும். நீங்கள் ஒரு சொட்டுகூடக் கொடுக்காமல் இருந்திருந்தாலும் அன்றைக்கு உங்கள் அப்பா நிறைந்த வயிற்றோடுதான் மேஜையில் படுத்திருப்பார்.

அதைச் சொல்லாமல் விட்டதைப் பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன். சொல்லியிருக்க வேண்டும். திட்டமிட்ட ஆபரேஷனுக்கு வருகிற ஒருவர் இப்படி மறைத்தால் அது நிஜமாகவே ஆபத்து. நாங்கள் வயிறு காலி என்று நம்பி வேறு முறையில் மயக்கம் கொடுத்துவிடுவோம். ஆனால் குடல் அடைப்பு என்று சீட்டில் எழுதியிருந்தாலே, நோயாளி எதுவும் சாப்பிடவில்லை என்று சத்தியம் செய்தாலும் நாங்கள் அவரை வயிறு நிறைந்தவராகத்தான் நடத்துவோம். நீங்கள் சொல்லியிருந்தாலும் அன்று செய்ததில் எதுவும் மாறியிருக்காது.

இனி, நடந்தது என்ன என்பதற்கு வருகிறேன். நமக்கு இரண்டு காவல்கள் உண்டு. உணவுக்குழாயின் அடியிலும் உச்சியிலும் இருக்கும் சுருக்குத் தசைகள் இரைப்பையில் இருப்பதை மேலே விடாமல் பிடித்துவைக்கின்றன. அதையும் மீறி ஏதாவது தொண்டைக்கு வந்துவிட்டால் குரல்வளை பட்டென்று மூடிக்கொள்கிறது, இருமல் வெடிக்கிறது. சாப்பிடும்போது புரையேறினால் கண்ணில் தண்ணீர் வர இருமுகிறோமே, அது இந்த இரண்டாவது காவல் வேலை செய்வதன் அடையாளம். மயக்க மருந்து முதல் காவலைத் தளர்த்துகிறது, இரண்டாவதைத் தூங்கவைக்கிறது. தசைகளைத் தளர்த்தும் மருந்தும் சேர்ந்தால் இருமவே முடியாது. மூச்சுக்குழாய்க்குள் டியூப் போய், அதன் நுனியில் இருக்கும் சிறிய காற்றுப் பை ஊதப்படும்வரை நுரையீரலுக்குக் கதவே கிடையாது. அந்த இடைவெளி பெரும்பாலும் ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தில் வருவதை எல்லோரும் வாந்தி என்கிறார்கள். பல நேரம் அது வாந்தியே அல்ல, வெறும் எதுக்களிப்பு. குமட்டல், ஓங்கரிப்பு, சத்தம் எதுவும் இருக்காது. நாக்கைத் தூக்கி, தொண்டைக்குள் பார்க்கும் கருவியான லாரிங்கோஸ்கோப்பின் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொண்டையின் அடியிலிருந்து பச்சை நீர் கிணற்றில் ஊற்று சுரப்பதைப் போல அமைதியாக மேலே வரும். ஒரு நொடி முன்னால் தெளிவாகத் தெரிந்த குரல் நாண்கள் அடுத்த நொடி அதற்குள் மூழ்கியிருக்கும்.

"ஆறு மணி நேரம் வெறும் வயிறு என்று சொல்கிறார்களே, அவ்வளவு நேரம் காத்திருந்திருக்கலாமே" என்றும் கேட்டிருந்தீர்கள். தெளிந்த நீருக்கு 2 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4, லேசான உணவுக்கு 6, எண்ணெயும் கொழுப்பும் உள்ள உணவுக்கு 8 என்ற கணக்கு, நன்றாக வேலை செய்யும் இரைப்பைக்கானது. வலி, பயம், விபத்தில் பட்ட அடி, மார்ஃபின் வகை வலி மருந்து, வயிற்றுக்குள் சீழ், பிரசவ வலி இவை எல்லாமே இரைப்பையை மந்தமாக்கும். சில சமயம் அப்படியே நிறுத்திவிடும். விபத்தில் வந்தவரிடம் "எப்போது சாப்பிட்டீர்கள்" என்று மட்டும் நான் கேட்பதில்லை. சாப்பிட்டதற்கும் அடிபட்டதற்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்றும் கேட்பேன். ஏனென்றால் அடிபட்ட நொடியில் வயிற்றின் கடிகாரம் நின்றுவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். சாப்பிட்ட அரை மணி நேரத்தில் கால் உடைந்த ஓர் இளைஞனுக்குப் பத்து மணி நேரம் கழித்து மயக்கம் கொடுத்தேன். டியூபைப் பத்திரமாகப் போட்ட பிறகு இரைப்பையைக் காலி செய்தால், மென்று விழுங்கிய உணவு அப்போதுதான் சாப்பிட்டதைப் போல வந்தது. பத்து மணி நேரம் ஆயிற்று என்று நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அன்றைக்கு அந்தக் கிண்ணத்தில் பார்த்தேன்.

குடல் அடைப்பிலோ காத்திருப்பது இன்னும் மோசம். நேரம் போகப் போக வயிறு காலியாகாது, நிரம்பத்தான் செய்யும். அடைபட்ட குடலுக்கு ரத்த ஓட்டம் நின்றால் அது அழுக ஆரம்பிக்கும். ஓட்டை விழுந்தால் பிரச்சினையே வேறு. அதனால், தண்ணீர் உப்புச் சத்தை ஏற்றிச் சரிசெய்ய எடுத்துக்கொள்ளும் ஓரிரு மணி நேரம் பயனுள்ளது. வயிறு காலியாகட்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை. இதில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

அப்படியானால் நாங்கள் என்னதான் செய்கிறோம் என்று கேட்பீர்கள். முறையாக நடந்தால் இப்படித்தான் இருக்கும். மயக்கத்துக்கு முன்பே ரைல்ஸ் டியூப் வழியாக முடிந்தவரை இரைப்பை நீரை உறிஞ்சி எடுப்போம். தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்துவோம். சக்‌ஷன் இயந்திரம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதன் குழாய் என் வலது கைக்கு எட்டும்படி தலையணைக்கு அடியில் செருகியிருக்கும், அது இழுக்கும் இரைச்சல் காதில் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த இரைச்சல் கேட்காமல் நான் மருந்தைத் தொட மாட்டேன். மூன்று நிமிடம் இறுக்கமான முகமூடியில் முழு ஆக்சிஜன். நுரையீரலில் இருக்கும் காற்றை ஆக்சிஜனாக மாற்றிவைத்தால், மூச்சு நின்ற பிறகும் சில நிமிடம் தாக்குப்பிடிக்கலாம். முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி ஊத வேண்டியிருக்காது. அப்படி ஊதினால் பாதிக் காற்று இரைப்பைக்குள் போய் உள்ளே இருப்பதை மேலே தள்ளிவிடும். பிறகு தூக்க மருந்தையும் தசை தளர்த்தும் மருந்தையும் ஒன்றன்பின் ஒன்றாக, இடைவெளி விடாமல் செலுத்துவோம். புரோபோஃபால் அல்லது கீட்டமின், கூடவே சக்சமெத்தோனியம் அல்லது உயர்ந்த அளவில் ரொகுரோனியம். ஒரு நிமிடத்துக்குள் டியூப் உள்ளே போக வேண்டும். இதுதான் நிறைந்த வயிற்றுக்கான வேக மயக்க முறை. இத்தனையையும் ஒழுங்காகச் செய்தாலும் ஆபத்து குறைகிறதே தவிரப் பூஜ்ஜியமாவதில்லை.

இதில் ஒரு படி பற்றி எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. பிரயன் செலிக் என்ற பிரிட்டிஷ் மயக்கவியல் மருத்துவர் 1961-ல் ஒரு யோசனை சொன்னார். குரல்வளைக்குக் கீழே வளையம்போல ஒரு குருத்தெலும்பு இருக்கிறது. உதவியாளர் அதை இரண்டு விரலால் பின்னோக்கி அழுத்திப் பிடித்தால் பின்னால் இருக்கும் உணவுக்குழாய் முதுகெலும்போடு ஒட்டி மூடிக்கொள்ளும், எதுவும் மேலே வராது என்றார். அவர் சோதித்தது 26 நோயாளிகளிடம் மட்டுமே. ஆனாலும் அந்த முறை உலகம் முழுக்கச் சட்டம்போல ஆகிவிட்டது. அது இல்லாமல் செய்தால் குற்றம் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஸ்கேன் செய்து பார்த்ததில், பலருக்கு உணவுக்குழாய் அந்த வளையத்துக்கு நேர் பின்னால் இல்லாமல் பக்கவாட்டில் ஒதுங்கி இருப்பது தெரிந்தது. பிறகு பிரான்சில் 3,472 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நிஜமாக அழுத்தியும், இன்னொரு பாதிக்கு அழுத்துவதுபோல விரலை வைத்தும் பார்த்தார்கள். நுரையீரலுக்குள் போனது அழுத்தியவர்களில் 0.6 சதவீதம், அழுத்தாதவர்களில் 0.5 சதவீதம். அழுத்தியவர்களுக்கு டியூப் போடுவது சற்றுச் சிரமமாகவும் இருந்தது. ஆனாலும் அந்த எண்ணிக்கையை வைத்து அழுத்தம் தேவையே இல்லை என்று தீர்ப்புச் சொல்ல அந்த ஆய்வாலும் முடியவில்லை. நான் இப்போதும் அழுத்தச் சொல்கிறேன். குரல் நாண் சரியாகத் தெரியாவிட்டால் தயங்காமல் கையை எடுக்கச் சொல்கிறேன். வேறொருவர் அழுத்தாமல் செய்தால் அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். உங்கள் தம்பி எங்காவது இதைப் படித்துவிட்டு "கழுத்தை அழுத்தினார்களா" என்பதை மட்டும் பிடித்துக்கொண்டால், அதில் வழக்கு நிற்காது.

ரைல்ஸ் டியூப் விஷயம் அப்படியல்ல. அது எனக்குப் பாடமாக அமைந்தது. படிப்பு முடித்த இரண்டாவது வருஷம், உங்கள் அப்பாவைப் போலவே குடல் அடைப்போடு ஒருவர் வந்தார். வார்டிலேயே டியூப் போட்டிருந்தார்கள். பையில் நூறு மில்லிகூட இல்லை. வயிறு பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். மருந்து போன நாற்பதாவது நொடியில் வாய் முழுக்கப் பழுப்பு நீர். டியூபின் நுனி உள்ளே மடங்கிப்போய் எதையும் இழுக்காமல் இருந்திருக்கிறது. பை காலியாக இருந்ததே தவிர வயிறு காலியாக இல்லை. அவர் நான்கு நாள் வென்டிலேட்டரில் இருந்து பிழைத்தார். அவர் மனைவியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். டியூபைச் சரிபார்த்திருக்க வேண்டியது நான், பார்க்கவில்லை என்றும் சொன்னேன். அன்றிலிருந்து வார்டில் போட்ட டியூபை நம்புவதில்லை. பெரிய சிரிஞ்சை நானே மாட்டி, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கழுவி, டியூபை ஓர் அங்குலம் உள்ளேயும் வெளியேயும் நகர்த்தி இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் மயக்கம் கொடுக்கிறேன். அப்படியும் கட்டியான உணவு அந்தக் குழாயில் ஏறாது. முழுக்கக் காலி செய்ததாக யாரும் உறுதி சொல்ல முடியாது. இப்போது அல்ட்ராசவுண்டை வயிற்றின் மேல் வைத்து இரைப்பையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் வழக்கம் பரவிவருகிறது. சந்தேகமான நோயாளிகளுக்கு அது நல்ல வழி. குடல் அடைப்பில் அதைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்பதில்லை, நிரம்பியிருக்கிறது என்பது முன்பே தெரிந்ததுதான்.

எவ்வளவு பேருக்கு இப்படி ஆகிறது என்று கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 2,15,488 பொது மயக்கங்களை எண்ணி 1993-ல் வெளியிட்ட கணக்கை நாங்கள் இன்னும் மேற்கோள் காட்டுகிறோம். திட்டமிட்ட ஆபரேஷன்களில் சுமார் 3,900 பேரில் ஒருவருக்கு. அவசர ஆபரேஷன்களில் 895 பேரில் ஒருவருக்கு. ஆகவே அவசரம் என்பதே ஆபத்தை நான்கு மடங்குக்கு மேல் ஏற்றுகிறது. அந்த அவசரங்களில் கை முறிவும் உண்டு, குடல் அடைப்பும் உண்டு; குடல் அடைப்பை மட்டும் தனியாக எண்ணினால் இன்னும் அதிகமாகவே இருக்கும் என்பது என் அனுபவம். மொத்தம் 67 பேருக்குப் புரையேறியது. அவர்களில் 42 பேருக்கு அடுத்த இரண்டு மணி நேரத்தில் இருமலோ மூச்சிரைப்போ ஆக்சிஜன் குறைவோ எதுவும் வரவில்லை, பிறகும் வரவில்லை. 13 பேருக்கு வென்டிலேட்டர் தேவைப்பட்டது. 3 பேர் நுரையீரல் பாதிப்பால் இறந்தார்கள். பிரிட்டனில் 2011-ல் வெளியான நாடு தழுவிய தணிக்கை இன்னொரு பக்கத்தைக் காட்டியது: மயக்கத்தின்போது மூச்சுப்பாதைச் சிக்கலால் நேர்ந்த மரணங்களில் முதல் காரணம், டியூப் போட முடியாமல் போனது அல்ல, இப்படி வயிற்று நீர் நுரையீரலுக்குள் போனதுதான். அடிக்கடி நடக்காது, நடந்தால் லேசுப்பட்டதும் அல்ல.

இனி நுரையீரலுக்குள் நடப்பது. நியூயார்க்கில் கர்டிஸ் மெண்டல்சன் என்ற மகப்பேறு மருத்துவர் 1932 முதல் 1945 வரையிலான 44,016 பிரசவங்களைத் திரும்பிப் பார்த்து 1946-ல் எழுதினார். மயக்கத்தில் 66 பெண்களுக்குப் புரையேறியிருந்தது. இறந்தவர்கள் இரண்டு பேர். இருவருக்குமே கட்டியான உணவு மூச்சுக்குழாயை அடைத்திருந்தது. திரவம் உள்ளே போனவர்கள் நீலம் பாய்ந்து இழுப்பு வந்து அவதிப்பட்டாலும் பிழைத்துக்கொண்டார்கள். காரணம் தெரிந்துகொள்ள அவர் முயல்களின் நுரையீரலுக்குள் அமிலத்தைச் செலுத்திப் பார்த்தார், அமிலத்தன்மை நீக்கிய இரைப்பை நீரையும் செலுத்திப் பார்த்தார். சுட்டெரித்தது அமிலம்தான் என்று தெரிந்தது. இன்றைக்கும் ஆபரேஷனுக்கு முன் அமிலத்தைக் குறைக்கும் ஊசியோ, பிரசவத்தில் சோடியம் சிட்ரேட் மருந்தோ கொடுப்பது அங்கிருந்து வந்த வழக்கம். அந்த மருந்துகள் இரைப்பை நீரின் அமிலத்தைக் குறைப்பது நிச்சயம். அதனால் உயிர்ச்சேதம் குறைகிறதா என்பதற்கு அப்படி உறுதியான சான்று இல்லை. இவ்வளவு அரிதாக நடப்பதில் அதை நிரூபிக்கப் பல லட்சம் பேர் வேண்டும். இரைப்பையில் 25 மில்லிக்கு மேல் நீர் இருந்தால் ஆபத்து என்று பாடப்புத்தகங்களில் ஓர் எண் பல காலம் ஓடியது. அது குரங்கின் நுரையீரலுக்குள் நேராக அமிலத்தை ஊற்றி, அதிலிருந்து மனிதருக்குப் போட்ட கணக்கு. எதுவும் சாப்பிடாமல் வரும் நல்ல ஆரோக்கியசாலியின் வயிற்றிலேயே அவ்வளவு இருப்பது சாதாரணம். அந்த எண்ணைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம்.

அமிலம் பட்டதும் வருவது கிருமியால் வரும் நிமோனியா அல்ல, வேதிப்புண். சில நொடிகளில் நுரையீரலின் மெல்லிய படலம் வெந்துபோகிறது. நான்கைந்து மணி நேரத்தில் உடலின் வெள்ளை அணுக்கள் அங்கே குவிந்து அழற்சி உச்சத்துக்குப் போகிறது. முதல் மணி நேரத்தில் "ஆக்சிஜன் பரவாயில்லை" என்று சொன்ன டாக்டரே விடிகாலையில் "மோசமாகிவிட்டது" என்று சொன்னதாக எழுதியிருந்தீர்களே, அது இந்த இரண்டாம் கட்டம். அவர் முதலில் மறைத்தார் என்று இதை வைத்து நினைக்காதீர்கள். கிருமித் தொற்று என்பது அதற்கு மேல், பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் கழித்து, வெந்த இடத்தில் வந்து குடியேறுவது. ஆரோக்கியமான இரைப்பையில் அமிலம் கிருமிகளைக் கொன்றுவிடும் என்பதால் எல்லோருக்கும் உடனே ஆன்டிபயாட்டிக் தேவையில்லை. முன்கூட்டியே கொடுத்தால் நன்மை இல்லை என்பதுதான் இன்றைய பொதுக் கருத்து. ஆனால் அடைபட்ட குடலிலிருந்து பின்வாங்கி வந்த நீர் வேறு. அதில் கிருமிகள் ஏற்கெனவே பெருகியிருக்கும். உங்கள் அப்பாவுக்கு முதல் நாளே ஆன்டிபயாட்டிக் ஆரம்பித்தது அதனால்தான் நியாயமானது. ஸ்டீராய்டு ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். இந்த வேதிப்புண்ணுக்கு ஸ்டீராய்டு பலன் தருவதாகக் காட்டப்படவில்லை, கொடுக்காதது சரி. தண்ணீர் விட்டு நுரையீரலைக் கழுவியிருக்கலாமே என்ற யோசனையும் வேண்டாம். அமிலம் அதற்குள் தன் வேலையை முடித்திருக்கும், கழுவினால் இன்னும் ஆழத்துக்குத்தான் போகும். செய்ய வேண்டியது உடனே தலையைத் தாழ்த்திப் பக்கவாட்டில் திருப்பி உறிஞ்சுவது, டியூபைப் போட்டு அதன் வழியாகவும் உறிஞ்சுவது, கட்டி ஏதும் சிக்கியிருந்தால் கேமராக் குழாய் விட்டு எடுப்பது, பிறகு வென்டிலேட்டர் துணையோடு நுரையீரலுக்குக் காலம் கொடுப்பது. எக்ஸ்ரேயில் வலது பக்கம் அதிகமாக வெளுத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் வலது கிளை அகலமாகவும் செங்குத்தாகவும் இறங்குகிறது. உள்ளே போகும் எதுவும் முதலில் அந்தப் பக்கம்தான் போகும்.

டாக்டர் மேல் தவறா என்பதற்கு, அன்றைய மயக்கப் பதிவேட்டைப் பார்க்காமல் என்னால் பதில் சொல்ல முடியாது, இங்கே யாராலும் முடியாது. புரையேறியது என்பது மட்டுமே அலட்சியத்துக்குச் சான்று ஆகாது. எல்லாம் சரியாகச் செய்த கைகளிலும் அது நடந்திருக்கிறது. தவிர்க்க முடியாதது என்று எடுத்த எடுப்பில் மூடிவைக்கவும் கூடாது. அந்தப் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. மயக்கத்துக்கு முன் ரைல்ஸ் டியூப் போடப்பட்டதா, அதில் எவ்வளவு வந்தது, போடவில்லை என்றால் ஏன் என்று எழுதியிருக்கிறதா, நிறைந்த வயிற்றுக்கான முறையில் மயக்கம் கொடுத்தார்களா, எந்த நிமிடத்தில் எந்த மருந்து, டியூப் முதல் முயற்சியில் போனதா, ஆக்சிஜன் எவ்வளவுக்கு இறங்கியது, நீர் மேலே வந்ததும் என்ன செய்தார்கள் என்று அதில் பாருங்கள். குடல் அடைப்பு நோயாளிக்கு வயிற்று நீரை எடுக்க முயலவே இல்லை, காரணமும் இல்லை என்றால் கேள்வி கேட்க இடமுண்டு. ஒன்றை மட்டும் கவனித்தேன்: அந்த மருத்துவர் ஆபரேஷன் முடிவதற்குள்ளேயே வெளியே வந்து நடந்ததை உங்களிடம் சொல்லியிருக்கிறார். மறைக்க நினைப்பவர் அதைச் செய்வதில்லை. முதலில் அவரிடமே உட்கார்ந்து இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

நுரையீரல் பழையபடி ஆகுமா என்பதற்கு, ஆறாம் நாள் டியூப் எடுக்க முடிந்ததே நல்ல செய்தி. இப்படி வென்டிலேட்டரிலிருந்து மீண்டவர்களில் பெரும்பாலோருக்கு மூச்சு சில வாரங்களில் தேறிவிடுகிறது. எக்ஸ்ரேயில் நிழல் மறைய இன்னும் அதிக நாள் ஆகும். படத்தைப் பார்த்துப் பதற வேண்டாம், ஆளைப் பாருங்கள். உடல் பலம் திரும்புவதுதான் எல்லாவற்றையும் விட மெதுவாக நடக்கும். 68 வயதில், வயிற்றில் தையலோடு, பத்தடி நடந்தாலே களைத்துப்போவார். வயிற்றுத் தையலின் மேல் ஒரு தலையணையை அணைத்துக்கொண்டு இருமச் சொல்லுங்கள்; வலிக்குப் பயந்து இருமாமல் இருந்தால் சளி தேங்கி மறுபடி நிமோனியா வரும். பிசியோதெரபிஸ்ட் வரும்போது பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, இதற்காகத்தான் இவ்வளவு சீக்கிரம் உட்கார்ந்து எழுதினேன். ஆறு நாள் தொண்டையில் டியூப் இருந்தவருக்கு விழுங்கும் தசைகள் சோர்ந்து, குரல்வளை மரத்துப்போயிருக்கும். குரல் கம்மியிருக்கும். இந்த நாட்களில் விழுங்கும் தண்ணீர் தவறி மூச்சுக்குழாய்க்குள் போனாலும் இருமல்கூட வராமல் போகலாம். அப்பா இன்றைக்கோ நாளைக்கோ மறுபடி நாக்கு வறண்டு தண்ணீர் கேட்பார். கேட்டவுடன் கொடுக்காதீர்கள், ஈரப் பஞ்சால் உதட்டையும் நாக்கையும் துடைத்துவிடுங்கள். அவர் விழுங்குவதைச் சோதித்துப் பார்த்தாயிற்றா என்று நர்ஸிடம் கேளுங்கள், குடலைப் பொறுத்தவரை தண்ணீர் கொடுக்கலாமா என்று சர்ஜனிடம் கேளுங்கள். இருவரும் சரி என்ற பிறகு, கட்டிலை நிமிர்த்தி நேராக உட்காரவைத்து, மோவாயை லேசாக மார்புப் பக்கம் தாழ்த்தச் சொல்லி, முதலில் ஒரு சின்ன ஸ்பூன். விழுங்கியதும் "அப்பா, ஏதாவது பேசுங்கள்" என்று சொல்லிக் குரலைக் கேளுங்கள். குரல் தெளிவாக இருந்தால் அடுத்த ஸ்பூன் கொடுங்கள். தொண்டையில் நீர் குமிழியிடுவதுபோல ஈரமாகக் கேட்டால் அங்கேயே நிறுத்திவிட்டு நர்ஸைக் கூப்பிடுங்கள். குடித்து முடித்த பிறகு அரை மணி நேரமாவது அப்படியே உட்கார்ந்திருக்கட்டும்.